பாட்டியைச் சாகடிக்காமல் லீவு கேட்பது

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் என் அக்காள் மகள், மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருவதற்காக மூன்று நாள் லீவு கேட்டு எழுதிய குறிப்பைப் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பழைய பில் ஒன்றின் பின்புறத்தில், "ஐயா, எனது அம்மாயி காலமாகிவிட்டபடியால் தயவுகூர்ந்து" என்று அது தொடங்கியது. அவளுடைய அம்மாயி என்பவர் என்னுடைய அம்மா. அந்த நேரத்தில் அவர் என் முன்னால் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னதும், "போன வருசமும் நான்தானே செத்தேன்" என்றார்.

எங்கள் பிள்ளைகள் லீவு கேட்க ஏன் பொய் சொல்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, வேலைக்குப் போகாத நாள் என்றால் பேர் விழாத நாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அந்த நாள் இல்லை, சம்பளமும் இல்லை. தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்துடன் 60 ரூபாய் வருகை ஊக்குவிப்புத் தொகையும் இருந்தது. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் படுத்த ஒரு நாள், அந்த நாளின் கூலியோடு சேர்த்து மாதம் முழுவதற்குமான ஊக்குவிப்பையும் கொண்டுபோய்விடக்கூடும். 2019இல் அந்தத் தொகை ஒப்பந்தத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இப்படி வளர்ந்த பிள்ளை, சம்பளத்துடன் லீவு என்பதை முதலாளியின் இரக்கமாக நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. அதன்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும், கேஷுவல் லீவு என்று நாம் சொல்லும் அமைய விடுமுறை 7 நாளும் சம்பளத்துடன் உண்டு. சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த விடுமுறை கிடையாது. அமைய விடுமுறை மட்டும் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் வீதம் சேரும். இரண்டாம் வருடத்தில் வருடாந்த விடுமுறை எத்தனை நாள் என்பது, முதல் வருடத்தில் எந்த மாதம் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்தது. அக்காள் மகளான என் மருமகள் சென்ற வருடம் மே மாதம் சேர்ந்தவள் என்பதால், இந்த வருடம் அவளுக்கு 10 நாள் உண்டு. இதை அவள் கடையில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. சுகவீனத்துக்கென்று தனியாக லீவு அதில் இல்லை. காய்ச்சலும் கல்யாணமும் அந்த ஏழு நாளுக்குள்ளேயே அடங்க வேண்டும். மற்றது தூரம். கொழும்பில் பிறந்தவருக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போய்வர அரை நாள் போதும். மலையக நகரமான ஹட்டனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அதற்கு மேல் ஓட்டோவிலோ நடந்தோ தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷனுக்கு ஏற வேண்டியவருக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். ஏழு நாள் என்பது எல்லோருக்கும் ஒரே அளவல்ல.

அரசாங்க உத்தியோகத்தர்களின் நிலை வேறு. 21 நாள் அமைய விடுமுறை, 24 நாள் ஓய்வு விடுமுறை, மனைவிக்குக் குழந்தை பிறந்தால் கணவனுக்கு 3 நாள் என்று அவர்களுக்கு எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. விண்ணப்பிக்கப் படிவமும் இருக்கிறது. பிரசவ விடுமுறையில் மட்டும் கடை, அலுவலக ஊழியர்களின் நிலையும் ஓரளவு முன்னேறியிருக்கிறது: மூன்றாவது குழந்தையிலிருந்து 42 நாளாகக் குறைந்திருந்த லீவு, 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையாவது குழந்தையானாலும் 84 வேலை நாள். பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் வாராந்த ஓய்வு நாளும் அந்தக் கணக்கில் சேராது.

மருமகளிடம் நான் சொன்னது இதுதான். முழுத் தாள் எடு. திகதி போடு. எந்த வகை லீவு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்தத் திகதியில் திரும்ப வேலைக்கு வருவாய், உன் இடத்தில் யார் நிற்பார் என்று எழுது. "குடும்பத் திருவிழா" என்ற காரணம் போதும். கெஞ்சும் சொற்கள் வேண்டாம். கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வை. நேரமில்லாத அவசரம் என்றால் குறுஞ்செய்தியாவது அனுப்பு, வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறாதே. ஏனென்றால், சொல்லாமல் நின்றவரை வேலையைக் கைவிட்டுப் போனவர் என்று முதலாளி கூறலாம். அது வழக்கானால், வராமல் இருந்ததோடு, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதையும் பார்ப்பார்கள். "புதன்கிழமை வேலைக்கு வருவேன்" என்று எழுதிய கடிதம் அங்கேதான் கைகொடுக்கும்.

புதிய கடிதத்தில் அம்மாயி உயிரோடு இருந்தார். முதலாளி இரண்டு நாளுக்குக் கையெழுத்திட்டு, மூன்றாவது நாளைச் சிவப்புப் பேனாவால் வெட்டியிருந்தார். தேர் இழுத்த அன்றிரவு, மஞ்சள் நீராட்டுக்கு நிற்காமல், அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொதியுடன் அவள் பஸ் ஏறினாள்.