பால் பற்கள் விழும்வரை காத்திருப்பது எப்போதும் சரியல்ல
"பால் பற்கள் எல்லாம் விழுந்து, 12, 13 வயதான பிறகு பல் சீரமைப்பு மருத்துவரைப் பார்த்தால் போதும்" என்று சொல்லப்படுவது பல்வரிசையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரிதான். தாடை எலும்பைப் பொறுத்தவரை தவறு. மேலண்ணத்தின் நடுவே இரு எலும்புகளும் சேரும் பொருத்து சிறு வயதில் இறுகாமல் இருப்பதால், குறுகிய மேல்தாடையை விரிப்புக் கருவி பொருத்தி அகலப்படுத்துவது அப்போது எளிது. பூப்புப் பருவம் கடந்தபின் அது மெல்ல மெல்ல இறுகிவிடுவதால், வளர்ந்தவர்களுக்குச் சில வேளைகளில் அறுவை சிகிச்சையே தேவைப்படுகிறது. மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமர்ந்து, குழந்தை வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை ஒரு பக்கம் நழுவுமானால், அதைப் பல ஆண்டுகள் விட்டுவைப்பது தாடை கோணலாக வளர இடந்தரக்கூடும். (மோவாய் நடுக்கோட்டை விட்டு விலகுவதைப் பெற்றோரே சில நேரம் கண்டுகொள்ளலாம்.) அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் 7 வயதுக்குள் முதல் பரிசோதனையைப் பரிந்துரைப்பது இதுபோன்றவற்றைக் கண்டறியத்தான். பரிசோதனை என்றுதான் சொல்கிறேன். அந்த வயதிலேயே எல்லாருக்கும் கம்பி மாட்டச் சொல்வதும் அதே அளவு தவறு. துருத்திய மேல் முன்பற்களை முன்கூட்டியே சரிசெய்தால், அடிபட்டுப் பல் உடையும் ஆபத்து குறைகிறதே தவிர, இறுதியில் கிடைக்கும் பல்லமைப்பு, பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்யும் சிகிச்சையில் கிடைப்பதைவிடப் பெரிதாக மேம்படுவதில்லை.