போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பாருங்கள்

கடுமையான வைரஸ் காய்ச்சல் என்றாலே எல்லார் கண்ணும் நுரையீரல் மேல்தான். 94-ஆ, 92-ஆ என்று ஆக்சிமீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போர்வைக்குள் கால் இருப்பது யாருக்கும் நினைவுக்கே வராது. கடும் தொற்றில் காலின் ரத்தக்குழாயிலும் ரத்தம் கட்டி அடைக்கலாம்.

ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருப்பதால் இந்த ஆதங்கம். தாமதமாக எங்களிடம் வருகிறவர்களைக் கேட்டால், வலி முந்தின நாளே இருந்திருக்கும். "காய்ச்சல்னா கை கால் வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டிருப்பார்கள். வீட்டாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், வார்டிலும் சில நேரம் இதே கதைதான்.

காய்ச்சல் வலி இரண்டு காலிலும் பரவலாக இருக்கும். தமனியை (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயை) ரத்தக்கட்டி அடைத்தால் பெரும்பாலும் ஒரே காலில், திடீரென்று, பொறுக்க முடியாமல் வலிக்கும். அந்தக் கால் வெளிறும், சில்லிடும், பிறகு மரத்துப்போகும். விரலை அசைக்க முடியவில்லை என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. இரண்டு புறங்காலிலும் ஒரே நேரத்தில் கை வைத்தால் சூட்டில் வித்தியாசம் தெரிந்துவிடும். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு மூன்று நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ரத்தம் அறவே நின்றால் சுமார் 6 மணி நேரத்தில் தசையும் நரம்பும் மீளாத அளவுக்குக் கெட ஆரம்பிக்கும்.

வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவர் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? ஐசியூ சார்ட்டில் ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்திலேயே 'பாதத் துடிப்பு: வலது, இடது' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி.

ரத்தநாளத்தின் உள்சுவர் நன்றாக இருக்கும்வரை ரத்தம் அதில் ஒட்டி உறையாது. கடும் தொற்றின் அழற்சி அந்தச் சுவரைப் புண்ணாக்குகிறது, தட்டணுக்களை உசுப்பிவிடுகிறது, ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜனை ஏற்றுகிறது. இதயத்துக்கு ரத்தம் திரும்பும் சிரைகளில் கட்டுவதுதான் அதிகம், தமனியில் குறைவு. ஆனால் தமனியில் கட்டினால் பக்கவாதம், மாரடைப்பு, கால் இழப்பு. 2020-ல் நியூயார்க்கில் 50 வயதுக்குக் குறைந்த ஐந்து கோவிட் நோயாளிகளுக்கு மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்த செய்தி உலகையே உலுக்கியது. கோவிட்டோடு முடிந்த கதையும் இல்லை. சாதாரண ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு ஆபத்து சுமார் 6 மடங்கு என்று 2018-ல் ஒன்டாரியோ ஆய்வு காட்டியது. அதை எத்தனை பேர் பேசினோம்?

கட்டியை எடுக்க, 1963-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாயைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். கட்டியைத் தாண்டி உள்ளே விட்டு, பலூனை ஊதி மெல்ல இழுத்தால், உருகிய மெழுகு போலக் கருஞ்சிவப்பாக நீளமாக வரும். கோவிட் காலத்தில் எடுத்த இடத்திலேயே மறுபடி உறைந்தது. அறுவை எதிர்பார்த்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை என்று இத்தாலியின் லொம்பார்டி மருத்துவர்களும் எழுதினார்கள்.

"அப்ப முன்னாடியே ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கலாமா?" என்று கமெண்டில் கேட்பீர்கள். வேண்டாம். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளிடம் ஆஸ்பிரின் இறப்பைக் குறைக்கவில்லை, ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி முழு அளவில் கொடுத்தும்கூட வார்டில் இருந்தவர்களுக்குத்தான் பலன் தந்தது, ஐசியூ வரை போனவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. மற்றவர்கள், என்ன காய்ச்சல் என்று தெரியுமுன் கை வைக்காதீர்கள். அது டெங்குவாக இருந்தால், தட்டணு குறைந்த உடம்பில் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைத்தான் கூட்டும்.