டிஎஸ்கான்ஃபிக்கில் இருக்கிற அந்த 'பாத்ஸ்' பகுதியைத் தூக்கிவிடுங்கள்

மோனோரெப்போவில் (பல பேக்கேஜ்களை ஒரே ரெப்போவில் வைத்திருக்கிற அமைப்பு) வேலை செய்கிற நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. பேக்கேஜ்களை ஒன்றோடொன்று இணைக்க டைப்ஸ்கிரிப்டின் அமைப்பு ஃபைலான டிஎஸ்கான்ஃபிக்கில் பாத்ஸ் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் அது உங்கள் காலை வாரும். எங்கள் காலை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரியது.

ஒரே ரெப்போவில் 11 பேக்கேஜ். எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடு கிடையாது, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சி சத்தமே போடாமல் ஓடி முடிந்தது, டெஸ்ட் எல்லாம் பச்சை. சர்வரில் ஏற்றினோம். அங்கே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நோட்.ஜேஎஸ் முதல் இம்போர்ட் வரியிலேயே 'இந்த மாட்யூலைக் காணோம்' என்று சொல்லிப் படுத்துவிட்டது. என் லேப்டாப்பில் ஓடுகிறதே என்று நானும் எல்லோரையும் போல ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

காரணம் ரொம்பச் சாதாரணம். பாத்ஸ் என்பது கம்பைலரின் காதில் மட்டும் சொல்கிற விஷயம். இந்தப் பெயரைப் பார்த்தால் இந்த ஃபோல்டருக்குப் போ என்கிறோம், அதுவும் போய் டைப் எல்லாம் சரிபார்த்துவிடுகிறது, ஆனால் வெளியே தள்ளுகிற ஜாவாஸ்கிரிப்டில் அந்த இம்போர்ட் வரியை நாம் எழுதியபடியே விட்டுவிடுகிறது. இது பக் இல்லை, டைப்ஸ்கிரிப்ட் குழு தெரிந்தே எடுத்த முடிவு. 'மச்சு வீடு' என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், கொரியர்காரருக்குக் கதவு எண் வேண்டாமா?

பிறகு என்ன செய்வோம்? நோட்.ஜேஎஸ்ஸுக்கு ஒரு ஒட்டு, கோடில் தப்புப் பார்க்கிற ஈஎஸ்லிண்டுக்கு ஒரு ரிசால்வர், வீட்டுக்கு (குடியிருக்கிற வீடு இல்லை, ஃபைல்களை ஒன்றாகக் கட்டித்தருகிற பண்ட்லர்) ஒரு அலையஸ், டெஸ்ட் ஓட்டுகிற ஜெஸ்டுக்கு ஒரு மாட்யூல்நேம்மேப்பர். டிஎஸ்கான்ஃபிக்கையும் சேர்த்து ஒரே விவரத்தை ஐந்து இடத்தில் ஐந்து விதமாக எழுதி வைக்கிறோம். அன்றைக்கு டெஸ்ட் பச்சையாக இருந்ததற்கும் இதுதான் காரணம், ஜெஸ்டுக்கு யாரோ புண்ணியவான் மேப்பர் எழுதி வைத்திருந்தார்.

என் கட்சி இதுதான்: பெயரைத் தேடுகிற வழி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அது நோட்.ஜேஎஸ் தேடுகிற வழியாகவே இருக்கட்டும். அதற்கு, ஒரே ரெப்போவில் இருக்கிற பேக்கேஜ்களைத் தானே இணைத்துவிடுகிற வொர்க்ஸ்பேஸ் வசதி போதும். பேக்கேஜ்களை நிறுவித்தருகிற என்பிஎம்மில், 2020இல் வந்த 7 முதல் அது கூடவே வருகிறது, அதே வேலை செய்கிற யார்ன், பிஎன்பிஎம் இரண்டிலும் உண்டு. உங்கள் பேக்கேஜுக்கு, நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கிற நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டர் உள்ளே ஒரு சிம்லிங்க் (அசல் ஃபோல்டருக்கு ஒரு குறுக்குவழி) விழும், அவ்வளவுதான், டிஎஸ்சிக்கும் வீட்டுக்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கும் அது சாதாரண பேக்கேஜ் மாதிரியே தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு பேக்கேஜின் விவர ஃபைலான பேக்கேஜ்.ஜேசனில் 'எக்ஸ்போர்ட்ஸ்' எழுதுங்கள், எந்த ஃபைல் வெளியே தெரியலாம் என்கிற பட்டியல் அது. அதை மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்வார்கள், அதனால் 'டைப்ஸ்' முதலில், 'டிஃபால்ட்' கடைசியில். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. எக்ஸ்போர்ட்ஸில் சொல்லாத ஃபைலை வெளியிலிருந்து பேக்கேஜ் பெயரைச் சொல்லி எடுக்கவே முடியாது, அடுத்தவர் சோர்ஸ் ஃபோல்டரான எஸ்ஆர்சிக்குள் கைவிட்டு எதையாவது உருவிக்கொண்டு வருகிற பழக்கம் அன்றோடு நின்றுவிடும்.

இம்போர்ட் பெயரை எப்படித் தேடுவது என்று டிஎஸ்கான்ஃபிக்கில் சொல்கிற மாட்யூல்ரெசல்யூஷனுக்கு என்ன போடுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். பழைய 'நோட்' வேண்டாம், அதற்கு எக்ஸ்போர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. பண்ட்லர் வழியாக மட்டும் போகிற முன்பக்க ஆப்புக்கு 2023இல் டைப்ஸ்கிரிப்ட் 5.0இல் வந்த 'பண்ட்லர்' சரி. மற்ற எல்லாவற்றுக்கும், முக்கியமாக இரண்டு பக்கமும் பயன்படுகிற பொது பேக்கேஜ்களுக்கு, 4.7இல் வந்த 'நோட்நெக்ஸ்ட்'. பண்ட்லர் அமைப்பு ஃபைலின் எக்ஸ்டென்ஷனை விட்டாலும் கண்டுகொள்ளாது, அதே கோட் இஎஸ்எம்மாக (ஜாவாஸ்கிரிப்டின் இம்போர்ட்-எக்ஸ்போர்ட் மாட்யூல் முறை) நோட்.ஜேஎஸ்ஸில் ஓடும்போது உதை வாங்கும். டிஎஸ் ஃபைலை இம்போர்ட் செய்ய '.ஜேஎஸ்' என்று எழுதச் சொல்கிறதே, இது என்ன கொடுமை என்று நானும் திட்டினேன். 5.7இலிருந்து '.டிஎஸ்' என்றே எழுதிவிட்டு மாற்றித்தரச் சொல்லலாம், அதுவும் புள்ளியில் தொடங்குகிற ரிலேட்டிவ் இம்போர்ட்களுக்கு மட்டும்தான்.

பில்ட் வரிசைக்கு ப்ராஜெக்ட் ரெஃபரன்ஸஸ், எந்தப் பேக்கேஜ் எதை நம்பியிருக்கிறது என்று டிஎஸ்கான்ஃபிக்கில் எழுதுகிற பகுதி, 2018இல் டைப்ஸ்கிரிப்ட் 3.0இல் வந்தது. அதற்குத் தேவையான கம்போசிட் அமைப்பை ஆன் செய்து 'டிஎஸ்சி பி' ஓட்டினால் எது முதலில் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். எரிச்சல் உண்டு, பேக்கேஜ்.ஜேசனில் ஒருமுறை சொன்ன சார்பை டிஎஸ்கான்ஃபிக்கில் இன்னொருமுறை சொல்ல வேண்டும். இன்னொரு குழி இருக்கிறது, அதில் எனக்கு அரை நாள் போனது. ரூட்டிர் (சோர்ஸ் இருக்கிற இடம்) எஸ்ஆர்சி, அவுட்டிர் (பில்ட் போய்ச் சேருகிற இடம்) டிஸ்ட் என்று வைத்தால், போன பில்டின் நிலையைக் குறித்துவைக்கிற டிஎஸ்பில்ட்இன்ஃபோ ஃபைல் டிஸ்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் டிஸ்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால், எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்ட் காலியாகவே கிடக்கும். அந்த ஃபைலையும் டிஸ்டுக்குள்ளேயே போடச் சொல்லிவிடுங்கள்.

பாத்ஸ் இருந்தால் பில்ட் செய்யாமலே எடிட்டரில் சோர்ஸுக்குப் போகலாமே என்பார்கள். நியாயமான கேள்வி, அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. டைப் ஃபைலை சோர்ஸோடு இணைக்கிற டிக்ளரேஷன்மேப்பை ஆன் செய்தால் டெஃபனிஷனுக்குத் தாவும்போது சோர்ஸே திறக்கும். அதுவும் போதாது என்றால் எக்ஸ்போர்ட்ஸின் உச்சியில் எஸ்ஆர்சியைக் காட்டுகிற சொந்தக் கண்டிஷன் ஒன்றை வைத்து, டிஎஸ்கான்ஃபிக்கில் 'கஸ்டம்கண்டிஷன்ஸ்' என்று சொல்லிவிடலாம். அதே பெயரை வீட்டுக்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கும் சொல்லிவிட்டால் அவையும் புரிந்துகொள்ளும். ஒரே ஆப், பண்ட்லரைத் தாண்டி எதுவும் வெளியே போகாது என்றால் பாத்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நாங்கள் பாத்ஸை நீக்கிய அன்று 34 எரர். அதில் பாதி, பேக்கேஜ்.ஜேசனில் சொல்லாமலேயே நைசாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த பேக்கேஜ்கள். இன்னொன்று வட்டம், லாகின் பேக்கேஜ் யூட்டில்ஸை இழுக்க, யூட்டில்ஸ் திரும்ப லாகினை இழுத்துக்கொண்டிருந்தது, ஒன்றரை வருடமாக யாருக்கும் தெரியாது. ரெஃபரன்ஸஸ் வட்டத்தை ஏற்காது என்பதால் இரண்டுக்கும் பொதுவான நான்கு டைப்பை எடுத்து மூன்றாவதாக ஒரு பேக்கேஜ் போட்டோம். வெட்டி ஒட்ட அரை மணி நேரம், அதற்குப் பெயர் வைக்க இரண்டு நாள்.