ஒரு ஸ்டூலுக்கு ஏழு வருஷம்

"பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் ராஜாவுக்குப் பிடித்துவிட்டால் போதும், எந்தப் பெண்ணும் மறுநாளே சீமாட்டி" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

பிரெஞ்சு ராஜா 15ஆம் லூயியின் காதலி ழான் பெக்கு சாமானியப் பெண். அவையில் நுழைய பட்டம் வேண்டும் என்பதற்காகவே 1768இல் கியோம் து பாரி என்ற பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். காட்டிய பிறப்புச் சான்றிதழே போலி. சரி, முறைப்படி அறிமுகம் செய்ய ஒரு சீமாட்டி வேண்டுமே? கடனில் தத்தளித்த பெயார்ன் சீமாட்டியின் கடனை அடைத்துத்தான் 1769 ஏப்ரலில் அது நடந்தது.

பட்டம் வந்தாலும் அரசி முன் உட்கார்ந்துவிட முடியாது. சாய்மானமோ கைப்பிடியோ இல்லாத 'தபூரே' என்ற குட்டி ஸ்டூல், அதுவும் டியூக் என்ற உயர்நிலைப் பிரபுவின் மனைவி போன்றவர்களுக்குத்தான். அதே ராஜாவின் முந்தைய காதலி பொம்பதூருக்கே, 1745இல் அறிமுகமாகி 1752இல்தான் அது கிடைத்தது. மற்றவர்கள் கால்கடுக்க நிற்க வேண்டியதுதான்.