ஆயிரம் புத்தகமும் என் அம்மம்மாவும்

இரண்டு நாளாக எல்லாரும் அந்தக் காணொளியைத்தான் பகிர்கிறீர்கள். கிளிநொச்சி நூல் வெளியீட்டு விழாவில் பேசவந்த ஐயா சொன்னாரே, "ஆயிரம் புத்தகம் படிக்காதவன் பேனையைத் தொடக்கூடாது. வன்னியில் எழுதுகிறவன் இருக்கிறான், வாசிக்கிறவன் இல்லை" என்று, அதுதான். கைதட்டல் வேறு. நானும் அங்கேதான் இருந்தேன், கதிரை அடுக்கினவர்களில் ஒருவனாக. பேசாமல் இருப்போம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

அதென்ன ஆயிரம்? ஏன் தொள்ளாயிரம் இல்லை? நெல்லு மூட்டையா, எண்ணி லொறியில் ஏற்ற? எத்தனை வாசித்தாய் என்பதில் ஒன்றுமே இல்லை. வாசிக்கும்போது எந்த இடத்தில் நின்றாய், அதைச் சொல்லு.

என் அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தொண்ணூறுகளில் வன்னியில், விசுவமடுவில் இருந்தோம். பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தல் விளக்குத்தான்: அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு எண்ணெய், ஒரு நூல் திரி. அந்த வெளிச்சத்தில் நான் வாசிப்பேன், அவர் பாக்கு வெட்டிக்கொண்டு கேட்பார். ஒருநாள் ஒரு சிறுகதை. மாசி மாதம், இரணைமடுக் குளத்துத் தண்ணியில் நாற்று நடுகிறார்கள் என்று வந்தது. பாக்குவெட்டி நின்றுவிட்டது.

"எட தம்பி, அதைத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"மாசியில காலபோக நெல்லு வெட்டுற நேரமெல்லே. எங்கட ஆக்கள் விதைக்கிறவை, ஆர் இஞ்ச நடுறது? உவன் வயலைக் கண்டவனோ?" கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மிச்சத்தை வாசி. அந்தப் பெட்டை பாவம்" என்றார்.

பிழையையும் பிடித்தார், கதையையும் கைவிடவில்லை. அந்தக் கதையை எழுதினவர் நிறைய வாசித்தவராகத்தான் இருந்திருப்பார். வயல் வரம்பில் ஒருநாள் நின்றிருந்தால் போதும், அம்மம்மாவிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டார்.

"அப்ப வாசிக்காமலே எழுதலாமோ?" என்று கீழே வந்து கேட்கப்போகிறீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? மூன்றே மூன்று கவிஞர்களை வாசித்துவிட்டு நானும் கவிதை எழுதியவன்தான். ஒரு வரிகூட என்னுடையது இல்லை, மூன்று பேரையும் குழைத்த சோறு. கூட வாசித்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அந்த அளவுக்கு ஐயா சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அதைக் காட்டித் தந்தது எண்ணிக்கை இல்லை, ஒரே புத்தகத்தை நாலாம் தரம் வாசித்ததுதான்.

இன்னொருவர் உள்பெட்டியில் வந்து, "உமக்கு மேடை தரவில்லை என்ற எரிச்சல்" என்கிறார். ஓம், கொஞ்சம் எரிச்சல்தான். அதனால் ஐயா சொன்னது சரியாகிவிடுமா?

ஆயிரத்தைக்கூட விட்டுவிடுவேன். "வன்னியில் வாசிக்கிறவன் இல்லை" என்றதுதான் விடமாட்டேன் என்கிறது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல் 1973இல் வந்தது. எங்கள் வன்னியின் தண்ணிமுறிப்புக் கிராமத்துக் கதை. எங்கள் வீட்டுப் பிரதிக்கு அட்டையும் இல்லை, முதல் எட்டுப் பக்கமும் இல்லை. அவ்வளவு வீடு சுற்றி வந்தது. வாசிக்க ஆளில்லாத ஊரில் புத்தகத்துக்கு அட்டை கிழியுமா, சொல்லுங்கள்.

2009 தை மாதம் சண்டைக்குள் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது சைக்கிளில் அரிசி, தறப்பாள், ஒரு கிடாரம், பின்னால் புத்தகப் பெட்டி. உடையார்கட்டில் அந்தப் பெட்டியை இறக்கி ஒரு பனையடியில் வைத்தோம். அப்பா அதன்மேல் ஒரு உரப்பையை விரித்துவிட்டார், மழை வந்தாலும் என்று. ஆயிரம் இல்லை ஐயா, அறுபத்துமூன்று. பிறகு செட்டிகுளம் முகாமில் சீனி சுற்றி வந்த பேப்பரை நிமிர்த்தி வாசித்தோம். தலையும் இல்லை, வாலும் இல்லை, நடுக்கட்டுரை மட்டும். பக்கத்துக் கூடாரத்து அக்கா தனக்கு வந்த துண்டைக் கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பா. ஒருநாளும் பொருந்தவில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை, 97,000 நூல்கள் போனதை, ஐயா கண்கலங்கித்தான் சொன்னார். நானும் கலங்கினேன், பொய்யில்லை. ஆனால் அதே மேடையில் அடுத்த ஐந்தாவது நிமிடம் நாங்கள் வாசிக்காத சனமாகிவிட்டோம். பனையடியில் விட்டதெல்லாம் என்ன கணக்கில் வரும்? தெரியாமல்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. ஐயா அந்த நூலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கதாநாயகியின் பெயரை இரண்டு தரம் மாற்றிச் சொன்னார். கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது அவருடைய பிரதி கதிரையிலேயே கிடந்தது. 192 பக்கப் புத்தகம். பதினான்காம் பக்கத்தில் மாங்குளத்துத் தேத்தண்ணிக்கடைப் பில் ஒன்று அடையாளமாக வைத்திருக்கிறார். இரண்டு தேத்தண்ணி, நாலு வடை. பில்லை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.