பலித்த கனவுக்குக் கீழே என்ன எண்?

போன மாதம் ஒரு நாள் விடியற்காலைக் கனவில் என் பழைய அறைத்தோழன் வந்தான். பேசிப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சண்டையெல்லாம் இல்லை, அப்படியே விட்டுப்போனதுதான். மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். முடிச்சு விழவே இல்லை. அன்று மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. எடுத்தால், அவன்.

உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லமாட்டேன். வீட்டில் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது "கோடியில் ஒரு வாய்ப்புகூட இருக்காது" என்று நானே சேர்த்துக்கொண்டேன். அந்தக் கோடியை எங்கே பிடித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி படுத்தபிறகு எனக்கே உறுத்தியது.

பள்ளிக்கூடத்துப் பின்னம்தான் இது. மேலே தொகுதி, கீழே பகுதி. மேலே 1, அது பலித்த கனவு. கீழே எவ்வளவு?

இரவில் உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது, நாலைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் இதைப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் ஆளைத் தட்டி எழுப்பினால் பத்துக்கு எட்டு முறை கனவு சொல்வார். காலை வரை தூங்கவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. இரவுக்கு நாலு கனவு என்றாலே வருஷத்துக்கு 1,460. எனக்கு நினைவிருப்பது கைவிரல் எண்ணிக்கை.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அன்று காலை எழுந்தபோது அந்தக் கனவு என் நினைவிலேயே இல்லை. பல் தேய்த்தேன், பஸ் பிடித்தேன், படிக்கட்டும் ஷூவும் எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை. போனில் அவன் குரலைக் கேட்டதும்தான் கனவு மேலே வந்தது. அழைப்பு வராமல் இருந்திருந்தால் அப்படியொரு கனவு கண்டேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பலிப்பதுதான் கனவை நினைவுக்குக் கொண்டுவருகிறது என்றால், நினைவில் இருப்பவற்றை வைத்து எத்தனை பலிக்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். காக்கை உட்கார்ந்தும் விழாத பழங்களை யார் எண்ணினார்கள்?

அப்புறம் ஒரு நோட்டு வாங்கித் தலைமாட்டில் வைத்தேன். கண் விழித்ததும், விளக்குகூடப் போடாமல், கிறுக்கிவிடுவது. 41 நாளில் 63 கனவு. ஒன்றும் பலிக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், மூன்றாம் நாள் பக்கத்தைப் புரட்டியபோது வந்தது. "படகில் கணக்கு டீச்சர், டிக்கெட் கேட்கிறார், என்னிடம் தீப்பெட்டிதான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையதுதான். கனவு யாருடையதோ என்பதுபோல் இருந்தது.

முன்கூட்டியே எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1932 மார்ச்சில் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டபோது, ஹார்வர்டு உளவியலாளர்கள் இருவர் செய்தித்தாள் வழியாக மக்களிடம் கனவுகளைக் கேட்டு வாங்கினார்கள். 1,300-க்கு மேல் வந்தன. பிறகு குழந்தையின் உடல் மரங்களுக்கிடையே ஆழமில்லாத குழியில் கிடைத்தது. வந்த கனவுகளில் குழந்தை இறந்திருப்பதாகக் கண்டவை நூற்றுக்கு ஐந்து. சாவு, குழி, மரங்கள் மூன்றும் சேர்ந்திருந்தவை வெறும் நாலு. அந்த நாலு பேரை மட்டும் நீங்கள் சந்தித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நானும் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6 கோடிப் பேர் இறக்கிறார்கள், நாளுக்கு 1,64,000. ஒவ்வொருவரையும் நன்றாக அறிந்தவர்கள் 100 பேர் என்று வைப்போம். அவர்கள் ஒவ்வொருவரின் கனவிலும் இவர் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார் என்று வைப்போம். பத்து வருஷம் என்பது 3,650 இரவு. சாவுக்கு முந்தின இரவிலேயே அந்தக் கனவு வர ஒருவருக்கு 3,650-ல் ஒரு வாய்ப்பு. நூறு பேருக்கும் சேர்த்தால் 36-க்கு ஒன்று என்று வரும். அதாவது தினமும் சுமார் 4,500 பேர், எந்த அமானுஷ்யமும் இல்லாமலே, "நேற்றுத்தான் கனவில் வந்தார்" என்று சொல்லவேண்டும். நூறும் பத்தும் என் ஊகம். வந்த விடையைப் பாதியாகக் குறைத்தாலும் ஆயிரக்கணக்கில்தான் நிற்கிறது. இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ் 1965-லேயே இதேபோல ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். செய்தித்தாள் படிக்கும்போது எப்போதோ பழகிய ஒருவரின் ஞாபகம் வந்து, சில நிமிடங்களில் அதே தாளில் அவருடைய மரணச் செய்தியைப் பார்த்தாராம். அமெரிக்காவில் மட்டும் இப்படி வருஷத்துக்கு 3,000 நடக்கும் என்று அவருக்கு வந்தது.

இந்தக் கணக்கைத் துக்க வீட்டில் சொல்லாதீர்கள். நான் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். கணக்கில் தப்பில்லை. நேரம்தான் மகா தப்பு.

"எல்லாம் தற்செயல்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர்களும் கீழே உள்ள எண்ணைத் தேடுவதில்லை. போன வாரம் நண்பனைத் திரும்ப அழைத்து, "திடீரென்று என் ஞாபகம் எப்படிடா வந்தது?" என்று கேட்டேன். எங்கள் பழைய விடுதிப் படம் ஒன்றை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்களாம், அதைப் பார்த்தானாம். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். படத்தைத் தள்ளிவிட்டுப் போனது மங்கலாக ஞாபகம் இருக்கிறது. திறந்து பார்த்தேன். மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். கனவும் அழைப்பும் ஒரே படத்திலிருந்து கிளம்பியிருக்கலாம். இரண்டையும் தொடர்பில்லாத இரு வாய்ப்புகளாகப் பாவித்துப் பெருக்கித்தான் அந்தக் கோடியை வரவழைத்திருக்கிறேன்.

ஷூ கயிறு மட்டும் படத்தில் இல்லை. அது எங்கிருந்து வந்ததோ.

நேற்றுக் கனவில் என்னோடு முதல் வேலையில் இருந்த காசாளர் வந்தார், குடையோடு. நோட்டில் எழுதியிருக்கிறேன். அவர் இந்த வாரம் கூப்பிட்டால் இங்கே பதிவு போடுகிறேன். கூப்பிடாவிட்டால் போடமாட்டேன், நீங்களும் கேட்கமாட்டீர்கள்.