சட்டம் வருவதற்கு முன்பே வந்த கட்டாயம்
ஆட்களைச் சட்டப்படி வேலைக்கு இழுக்கும் ஜப்பானின் கட்டாயப் பணி ஆணை, அப்போது அதன் காலனியாக இருந்த கொரியாவில் 1944 செப்டம்பரில்தான் பரவலாக நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முன் ஜப்பானியச் சுரங்கங்களுக்குப் போன கொரியர்கள் விரும்பியே போனார்கள் என்று ஒரு கட்டுரையாளர் முடிவு செய்வதை என்னால் ஏற்க இயலவில்லை. அவர் தரும் தேதி சரி; அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. போருக்காக ஆட்களையும் பொருள்களையும் திரட்ட ஜப்பானிய அரசுக்கு அதிகாரம் தந்த 1938-ஆம் ஆண்டின் தேசியத் திரட்டல் சட்டம் அதே ஆண்டிலேயே கொரியாவுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1939 முதல் நிறுவனங்கள் அரசு அனுமதியுடன் ஆள் எடுத்தன. 1942 முதலோ, ‘அரசு ஏற்பாடு’ என்ற பெயரில், காலனி நிர்வாகம் மாகாணம், மாவட்டம் என்று ஆள் கணக்கைப் பிரித்துக் கொடுக்க, ஊர் அதிகாரிகளும் காவலர்களும் அந்தக் கணக்கை நிரப்பினார்கள். காவலர் வாசலில் நிற்கும்போது ஓர் ஏழை உழவர் தலையசைத்ததை விருப்பம் என்று எழுத நமக்கு மனம் வரலாமா? போன இடத்திலும் கூலியின் ஒரு பகுதி கட்டாயச் சேமிப்பாகப் பிடிக்கப்பட்டது. பலருக்கு அது கைக்கு வரவே இல்லை. போர்க்கால நெருக்கடி என்ற வாதமும் நிற்காது. கட்டாய உழைப்புக்கு எதிரான 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஜப்பான் 1932-இல் ஏற்றிருந்தது; அதில் போருக்கு விலக்கு உண்டு என்றாலும், தனியார் தொழில்களுக்காக அவ்வளவு மோசமான நிலையில் பெருந்திரளாக ஆட்களைத் திரட்டியது உடன்படிக்கை மீறலே என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர் குழு 1999-இல் தெளிவாகவே கூறியிருக்கிறது.